கூரையை ஆர் பார்க்கிறது?

அத்தியாயம் 7

பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறியொன்று திரும்பி முடியும்வரை யூஜீனியா தன் ஓட்டோவை ஓரங்கட்டிப் பொறுத்திருந்தாள். பின்னால் இருந்த சுல்பா அந்த நேரம் பார்த்துக் கையை அவளுடைய மூக்குக்கு முன்னால் நீட்டினாள். உள்ளங்கையில் நகமளவு வெள்ளைத் துண்டொன்று கிடந்தது.

“நாக்கில வெச்சுப் பாரு.”

“காலத்தால ஒரு பிளேன்டீ கூட வயித்துக்குள்ள போகல்ல. பெயின்டைத் தின்னச் சொல்றீங்க.”

“முன்பக்கம் இல்ல, புள்ள. பின்பக்கம்.”

யூஜீனியா துண்டைத் திருப்பினாள். வெள்ளையின் முதுகில் பொடிப்பொடியாய் ஏதோ மினுங்கியது. நாக்கு நுனியால் தொட்டாள். முகம் சுருங்கியது.

“உப்பு.”

“எங்க பேத்தது எண்டு கேளு.”

“அதைக் கேக்கத் தேவையில்ல. ஒரு கிழமையா நீங்க அந்தக் கொண்டெய்னரைத் தவிர வேற ஒண்டையும் பாக்கல்ல. பொம்பிள பாக்க வந்த மாப்பிள்ளை கூட இப்படிப் பாத்திருக்க மாட்டான்.”

சுல்பா சிரிக்கவில்லை. அந்தக் கொண்டெய்னருக்குள்தான் மூன்று வருஷத்துக்கு முந்தி அவளுடைய மூத்த சகோதரர், அவள் வாய் நிறைய நானா என்று கூப்பிட்ட அபூசாலி, உயிர்போய் மவுத்தானார்.

யூஜீனியாவுக்கு அந்தக் கதை மனப்பாடம். உப்பளத்தில் சாமான் போடுகிற பழைய இரும்புக் கொண்டெய்னர் அது. அதற்குள்ளிருந்து அபூசாலியை மையத்தாக, உயிரற்ற உடலாக, எடுத்தார்கள். அடுத்தநாள் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு விசாரணைக்கு வந்தவர்கள், அழுதுகொண்டிருந்த சுல்பாவின் கையைப் பிடித்துக் கடுதாசியொன்றில் பெருவிரலை வைக்கப் பண்ணினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். “உன்ட நானா மவுத்தான விசயந்தான்” என்றான் உப்பளத்துச் சுப்பவைசர் ஃபாஹிம்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு தோணியேறி வந்தவள் சுல்பா. இருபது வருஷம் பாத்தியில் உப்பு வாரினவள். நாற்பத்தொன்பது வயதுவரை அவளுக்கு அ, ஆ தெரியாது. நானாவை அடக்கி நாற்பதாம் நாள், மகள் படித்துப் போட்ட ஒன்பதாம் தர விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். வீட்டில் இருந்த ஒரே புத்தகம் அதுதான். வெப்பம், ஒளி, காற்று, மழை என்று அதில் இருந்த அத்தனையும் அப்படித்தான் அவளுக்குள் இறங்கின. ஒன்றரை வருஷம் போனது. பிறகு அந்தக் கடுதாசியின் பிரதியை எடுத்து, ஒரு பின்னேரம் முழுக்க இருந்து வாசித்தாள்.

அபூசாலி பொலித்தீன் சுருள் களவெடுக்க உள்ளே புகுந்தார் என்று இருந்தது. அவருக்கு நெஞ்சு பலவீனம் என்று இருந்தது. ஃபாஹிமின் வாக்குமூலமும் அதிலேயே இருந்தது. கதவு காற்றில் சாத்திக்கொண்டது, உள்ளே குளிர்ச்சிதான், வெப்பத்தால் நேர்ந்த மரணமல்ல என்று இருந்தது. அதன் கீழே, எல்லாம் சரி என்பதற்குச் சாட்சியாக, அவளுடைய பெருவிரல் இருந்தது.

அன்று தொட்டுத்தான் அவள் துப்பறியத் தொடங்கினாள். ஊரில் காணாமற்போன தண்ணி மோட்டரைக் கண்டுபிடித்தாள், பள்ளிவாசல் பற்றரியைக் கண்டுபிடித்தாள். சனம் மெச்சியது. யூஜீனியாவுக்கு மட்டும் தெரியும், அதெல்லாம் சுல்பா அக்கா கத்தி தீட்டிப் பார்த்த கல் என்று.

“உப்பு மேல பெயின்ட் அடிச்சிருக்கான்” என்றாள் சுல்பா. “கழுவாம. உப்பளத்தில பொறந்து வளந்தவன், இரும்பை நல்ல தண்ணியால கழுவாமப் பெயின்ட் அடிப்பானா?”

“அவசரமெண்டா அடிப்பான்.”

“அந்த அவசரம் எண்டைக்கு வந்த எண்டுதான் பாக்கப் போறம். ஸப்ரான்ட கடைக்கு விடு.”

ஓட்டோவைத் திருப்பும்போது யூஜீனியா கண்ணாடியில் பார்த்தாள். சுல்பாவின் கறுப்பு அபாயாவின் கீழ்க்கரை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“இதென்ன, ஓட்டோவுக்கு முந்தி கடலுக்குள்ளால வந்தீங்களா?”

“கிணத்தடியில வேலை ஈந்திச்சு.”

“முந்தநாள் புத்தளத்தில இருந்து முப்பது வெறுஞ்சாக்கு ஏத்திக்கொண்டு வரச் சொன்னீங்க. நேத்து மக்தலேனா டீச்சர்ட்ட ரெண்டு வெப்பமானி கடன் கேட்டு வாங்கித் தரச் சொன்னீங்க. இண்டைக்குப் பையில ஒண்டுதான் கிடக்கு. மத்தது எங்க? உடைஞ்சா டீச்சர் என்னைத்தான் பின்வாங்கில ஏத்துவா.”

“அதுக்கு வேற வேலை ஈக்கு. நீ ரோட்டைப் பாரு.”

*

ஸப்ரானின் ஹாட்வெயார் கடையில் ஆணி, கயிறு, குழாய் எல்லாம் கூரையிலிருந்து தொங்கின. ஸப்ரான் இளந்தாரி, வாய் ஓயாத மனுசன். ஊர் வழக்கப்படி அக்காமாரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். சுல்பா கதிரையில் குந்திக்கொண்டு, தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல் கேட்டாள்.

“தம்பி, வெள்ளைப் பெயின்ட் என்ன விலை?”

“எதுக்குத் தாத்தா? சுவருக்கா, இரும்புக்கா?”

“உப்பளத்து இரும்புக்கு.”

“அப்பிடியெண்டா முதல்ல நல்ல தண்ணியால கழுவணும். ரெண்டு தரம். காயவிட்டுத்தான் அடிக்கணும். இல்லாட்டி மூணு மழைக்கு நிக்காது. உங்கட ஃபாஹிம் நானாட்டயும் இதைத்தான் படிச்சுப் படிச்சுச் சென்னன். கேட்டாரா?”

யூஜீனியா சுவரில் தொங்கிய வாளிகளை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டாள். அக்கா தூண்டிலே போடவில்லை. மீன் தானாகக் கரையேறி வந்து நின்றது.

“அது எப்ப, தம்பி?”

“மூணு வருசம் ஈக்கும். கடை திறக்க முந்தியே வந்து கதவில தட்டினார். எனக்கு ஏன் மறக்கல்ல எண்டா, அண்டைக்குத்தான் என்ட மூத்தவளுக்குப் பேர் வெச்ச. வட்டிலப்பம் குடுத்தன், வாணாமெண்டுட்டார். வட்டிலப்பத்த வாணாமெண்ட மனுசனை மறக்க ஏலுமா?”

“பேர் வெச்சது எத்தினையாந் திகதி?”

“ஏப்ரல் பத்து.”

அபூசாலியின் மையத்தை எடுத்தது ஒன்பதாம் திகதி பின்னேரம். விசாரணைக்காரர் வந்தது பத்தாம் திகதி பின்னேரம். யூஜீனியா வாளிகளை எண்ணுவதை விட்டுத் திரும்பினாள்.

“எத்தினை டின் வாங்கினார்?”

“ரெண்டு. கொண்டெய்னருக்கு எண்டார். நானா, ரெண்டு காணாது, கூரையோட நாலு வேணுமெண்டன். ‘கூரையை ஆர் பாக்கிற’ எண்டுட்டுப் போயிட்டார்.”

சுல்பா எழும்பினாள். ஸப்ரானுக்கு ஸலாம் சொன்னாள். வெளியே வந்து வெயிலில் நின்று, தன் காலடியைப் பார்த்தாள். நிழல் குறுகிக் குறுகி வந்துகொண்டிருந்தது.

“ரேடியோவில என்ன சென்னாங்க, யூஜீனியா?”

“பன்னிரண்டு பதினொண்டுக்கு நம்மட பக்கம் சூரியன் உச்சம் கொடுக்குமாம். கவனமா இருக்கட்டாம். கவனமா இருக்கிறதுக்கு ஆர் எங்களை விட்டான்?”

“அந்த நேரம் சூரியன் நேர உச்சந்தலைக்கு மேல. சுவரில வெயில் படாது. நாலு பக்கச் சுவரையும் அது பாக்காது. பாக்கிறது கூரையை மட்டுந்தான்.” சுல்பாவின் குரல் தணிந்து, அதனாலேயே பயமாக இருந்தது. “நானா மவுத்தான நாளும் இதே உச்சம். அந்தக் கூரை இண்டைக்கும் கறுப்பு. கறுப்பு என்ன செய்யும்?”

“வெயிலைக் குடிக்கும்.”

“வெள்ளை?”

“திருப்பித் துப்பும். எனக்குப் பத்து மார்க்ஸ் போடுங்க.”

“வந்தவங்களுக்குச் சுவரை வெள்ளையாக்கிக் காட்டியிருக்கான். அவங்க வந்தது வெயில் சாஞ்ச பிறகு, கடல் காத்து அடிக்கிற நேரம். உள்ளுக்குத் தலையை நீட்டிப் பாத்தாங்க. கூதல் எண்டு எழுதிட்டுப் போயிட்டாங்க. மனுசருட கண்ணுக்குப் பெயின்ட் அடிச்சவன், சூரியன்ட கண்ணுக்கு அடிக்க மறந்திட்டான்.”

“அப்ப பொலிசுக்குப் போவம். ஸப்ரான் சாட்சி சொல்லுவான்.”

“பெயின்ட் வாங்கினது குற்றமா? அழகு பாக்க வாங்கினன் எண்டுவான். கதவை வெளியால கொளுவினது அவன்தான் எண்டு அவன்ட வாயால வரணும்.” சுல்பா ஓட்டோவில் ஏறினாள். “நாளைக்கு அந்தப் பொம்புளைகளை உள்ளுக்கு விட முந்தி வரணும்.”

அதுதான் அவசரம். உப்பளத்தின் புது முதலாளி முபாரிஸ் நல்ல பொடியன். மத்தியானத்தில் பெண்கள் ஒதுங்க ஒழுங்கான இடம் வேண்டுமென்று, உக்கிப்போன ஓலைக் கொட்டிலைப் போன கிழமை பிடுங்கினான். கொண்டெய்னர் குளிர்ச்சியென்று ஃபாஹிம் முதலாளிக்கும் சொல்லியிருந்தான். மூன்று வருஷம் ஒரே பொய்யைச் சொன்னவன், ஒரு நாள் மாற்றிச் சொல்ல முடியுமா? நாளை முதல் பதினெட்டுப் பெண்கள் அதற்குள்ளே.

*

உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் வந்தது, கீழிருந்தும் வந்தது. வாரிக் குவித்த வெள்ளைக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. வரம்போரம் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஒதுங்க வேறு இடமில்லை.

யூஜீனியா தண்ணீர்ப் பரலின் மூடியைக் குடிக்கத் திறந்தாள். அடியில் ஒரு கோப்பைகூட இல்லை.

“பதினொண்டரைக்கே பரல் காலி! நீங்க பொம்புளைகளா, ஒட்டகமா?”

“தாகம்” என்றாள் றைஸா. பெண்களில் வாய்க்காரி அவள்தான். சொல்லிவிட்டு அடுத்தவளின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள். அது சிரிப்பா என்று யூஜீனியாவுக்குப் புரியவில்லை.

ஃபாஹிம் குடையோடு வந்தான். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் குலையாத சேர்ட். பக்கத்தில் முபாரிஸ். கொண்டெய்னரின் பின்மூலையில் சுல்பா நின்ற இடத்தை விட்டு அசையாமல் நின்றாள்.

“சுல்பா தாத்தா, ஏதோ கதைக்கணும் எண்டீங்களாம்?” என்றான் முபாரிஸ்.

“ஓம், தம்பி. பொம்புளைகளுக்குப் பயம். மையத்து எடுத்த இடம். உள்ளுக்குப் போக மாட்டம் எண்டு நிக்காங்க.”

“பயப்பட ஒண்டுமில்ல” என்றான் ஃபாஹிம். “நெஞ்சடைச்சு மவுத்தானவர். இடத்தில என்ன பிழை?”

“அதைத்தான் நானும் சென்னன், சுப்பவைசர். நீங்க சென்னதையே வாசிச்சும் காட்டினன்.” சுல்பா மடித்த கடுதாசியை விரித்தாள். எழுத்துக் கூட்டாமல், நிறுத்தி, உரக்க வாசித்தாள். “‘கொள்கலனின் உட்புறம் நண்பகலிலும் குளிர்ச்சியாகவே இருக்கும். நான் அங்கு உறங்கியதும் உண்டு. சம்பவ தினம் காலை முதல் மாலை வரை நான் புத்தளம் நகரில் இருந்தேன்.’ உங்கட வாக்குமூலந்தானே?”

ஃபாஹிமின் குடை கொஞ்சம் சரிந்தது. இந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியும் என்பது அவனுக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது.

“ஓம். அதுக்கென்ன?”

“ஒண்டுமில்ல. நீங்க ஒரு கால் மணித்தியாலம் உள்ளுக்கு இருந்து காட்டினா இவங்களுக்குப் பயம் தெளிஞ்சிரும். கதவைச் சாத்தணும். பொம்புளைகள் திறந்துபோட்டு இருக்க மாட்டாங்கதானே?”

முபாரிஸுக்கு அது நியாயமாகப் பட்டது. “நல்ல யோசனைதான். ஃபாஹிம் நானா, கால் மணித்தியாலந்தானே?”

பதினெட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தான். ஃபாஹிம் வானத்தைப் பார்த்தான், கொண்டெய்னரைப் பார்த்தான். மாட்டேன் என்றால் மூன்று வருஷப் பொய்யும் அந்த ஒரு சொல்லில் உடையும். குடையை மடக்கி யூஜீனியாவிடம் நீட்டினான்.

“பத்திரமா வெச்சிரு.”

“வெயில்ல வாடாமப் பாத்துக்கொள்றன், சுப்பவைசர்” என்றாள் யூஜீனியா.

அவன் உள்ளே போனான். சுல்பா கண்ணைக் காட்ட, யூஜீனியா கதவை இழுத்துச் சாத்தி, வெளிப்புறத்து இரும்புத் தண்டைத் தொப்பென்று கீழே போட்டாள். காற்றால் அந்தத் தண்டை விழுத்த முடியுமா என்று அவளுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. இரண்டு கையாலும் அமத்தியல்லவா விழுத்த வேண்டியிருந்தது!

நேரம் பன்னிரண்டு ஐந்து.

“கூதலாத்தான் ஈக்கு!” உள்ளிருந்து ஃபாஹிமின் குரல் வந்தது. குரலில் ஒரு ஆச்சரியம் கலந்திருந்தது.

சுல்பா பையிலிருந்து எடுத்து மூங்கிலில் தொங்கவிட்ட வெப்பமானியை யூஜீனியா பார்த்தாள். முப்பத்தாறு பாகை. இது வெளியே, காற்றுக்குள். கறுப்புக் கூரைக்குக் கீழே எவ்வளவு ஏறியிருக்கும்?

பன்னிரண்டு பத்து. உள்ளே கால் மாற்றி வைக்கிற சத்தம். பிறகு இருமல்.

பன்னிரண்டு பதினொன்று. யூஜீனியா தன் நிழலைத் தேடினாள். இல்லை. யாருக்குமே நிழல் இல்லை. சூரியன் உச்சியில் ஆணி அடித்ததுபோல் நின்றது.

டொக், டொக் என்று கதவு தட்டுப்பட்டது.

“முதலாளி! காணுந்தானே?”

முபாரிஸ் ஒரு அடி முன்னால் வந்தான். சுல்பா கையை நீட்டி மறித்தாள். “கால் மணித்தியாலம் இன்னும் ஆகல்ல, தம்பி. அவர்தான் குளிர்ச்சி எண்டவர்.”

தட்டல் பலத்தது. இப்போது உள்ளங்கையால். யூஜீனியா சுல்பாவின் காதுக்குள் சொன்னாள், “அக்கா, திறப்பம். செத்துக்கித்துப் போனா நாங்க ரெண்டு பேரும் உள்ள போகணும். எனக்கு அந்தச் சாப்பாடு ஒத்துவராது.”

சுல்பாவின் கை இரும்புத் தண்டின்மேல் இருந்தது. முகத்தில் கோபமில்லை, அவசரமில்லை. பாத்தியில் தண்ணி வற்றி உப்புப் பூக்கும்வரை காத்திருக்கிறவளின் முகம் அது. மூன்று வருஷம் காத்திருந்தவள் இன்னும் மூன்று நிமிஷம் காத்திருப்பாள். இவள் திறக்கப்போவதில்லை என்று யூஜீனியா முதல் தடவையாகப் பயந்தாள்.

அப்போதுதான் தூரத்துப் பள்ளியில் பாங்கு சொன்னது.

மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு உப்பு வெளியைத் தாண்டி மெல்ல வந்தது. உள்ளே தட்டல் சட்டென்று நின்றது. பிறகு, ஒரு மனிதனுடையது என்று நம்ப முடியாத கத்தல்.

“திறங்க! வேகுது! நெருப்பு! அல்லாஹ்வே, வெந்து சாகப் போறன்!”

சுல்பா கதவோடு வாயை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“எங்கட நானா எவ்வளவு நேரம் தட்டினார், ஃபாஹிம்?”

“பாங்கு வரைக்கும்! பாங்கு சொல்லும் மட்டும் தட்டினான்! பாங்கோட நிப்பாட்டிட்டான்! தொழுறான் எண்டு நினைச்சன்… தொழுறவனை ஏன் குழப்புவான் எண்டு போயிட்டன்! திறங்க!”

“ஏன் கொளுவின?”

“சூரியன் உச்சத்தில ஒருத்தரும் பாத்தியில நிக்க வாணாமெண்டு எல்லாரையும் கரையேத்திட்டான்! அவன் கள்ளனில்ல! வாய் ஆறட்டும் எண்டுதான் நான் உள்ளுக்குப் போட்டன்! அசருக்கு வந்து திறந்தன்… சாக எண்டு போடல்ல! திறங்க!”

முபாரிஸின் முகம் உப்புக்கு நிகராக வெளுத்திருந்தது. பெண்களில் யாரோ அழத் தொடங்கினாள்.

சுல்பா தண்டைத் தூக்கினாள்.

ஃபாஹிம் நாலு காலில் வெளியே வந்து விழுந்தான். சேர்ட் தோலோடு ஒட்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் காணவில்லை. வாயைத் திறந்து திறந்து காற்றைக் கடித்தான்.

“யூஜீனியா,” என்றாள் சுல்பா. “உள்ளுக்குப் போ. வலப்பக்கம் பொலித்தீன் சுருளுக்குப் பின்னால ஆணியில உன்ட மத்த வெப்பமானி தொங்குது. நிண்ட இடத்திலயே வாசி. எல்லாருக்கும் கேக்கணும்.”

யூஜீனியா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே காலை வைத்தாள். பிடித்த மூச்சைத் தன்னையறியாமல் விட்டாள். கிணற்றடியில் வாழை நிழலில் நிற்பதுபோல் இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாசித்தாள். நம்பாமல் மறுபடி வாசித்தாள்.

“முப்பது!”

“வெளியால?”

“முப்பத்தாறு!”

சுல்பா தலையை ஆட்டினாள். றைஸாவும் இன்னொருத்தியும் உப்புக் குவியலில் ஏறிக் கூரை விளிம்பில் எதையோ பிடித்து இழுத்தார்கள். முப்பது சாக்கும், ஒன்றோடொன்று தைத்தபடி, தண்ணீரில் ஊறிக் கனத்து, தொப்தொப்பென்று நிலத்தில் விழுந்தன. சுல்பா நின்ற மூலையில், அவளுடைய காலடியில், கூரையிலிருந்து சொட்டின ஈரம் அப்போதுதான் யூஜீனியாவின் கண்ணில் பட்டது.

“விடியக் காலத்தால நனைச்சம், காயக் காய ஊத்தினம்” என்றாள் றைஸா. “பரல் தண்ணி முழுக்க அதுக்குத்தான்.”

“ஆவியாதல்” என்றாள் சுல்பா. “தண்ணி காயக்குள்ள சூட்டையும் சேத்துத்தான் எடுத்துக்கொண்டு போகும். எழுபத்திரண்டாம் பக்கம்.” அவள் ஃபாஹிமின் முன்னால் குந்தினாள். “நீ சென்ன பொய்யை நான் இண்டைக்கு உண்மையாக்கி வெச்சன். உள்ளுக்குக் கூதல்தான் ஈந்திச்சு. நீயே சென்னாய். பிறகு எந்த நெருப்பில வெந்தாய்?”

ஃபாஹிம் ஈரச் சாக்குகளைப் பார்த்தான். வியர்வையில் நனைந்த தன் கைகளைப் பார்த்தான்.

“அக்கா,” என்றாள் யூஜீனியா. “எனக்காவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நீங்க அவரை அவிக்கப் போறீங்க எண்டு பத்து நிமிசம் செபம் சொன்னன்.”

“உன்ட முகத்தில பயம் இல்லாட்டி அவனுக்குப் பயம் வந்திருக்குமா?” சுல்பா எழும்பாமலே சொன்னாள். “வெந்து செத்தா அவனுக்கு லேசு, புள்ள. அவன் உயிரோட ஈக்கணும். ஒவ்வொரு நாளும் அந்தப் பாங்கு கேக்கணும்.”

முபாரிஸ் போனில் பொலிசோடு கதைத்துக்கொண்டிருந்தான். சுல்பா பையிலிருந்து இரண்டு சாமானை எடுத்தாள். ஒன்று பேனை. மற்றது மூடி துருப்பிடித்த ஒரு மை டப்பா. கடுதாசியின் பின்பக்கத்தில், பெரிய பெரிய கோணல் எழுத்தில், அவன் சொன்னதை அப்படியே எழுதினாள். நேரம் பிடித்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்துப் பேனையை நீட்டினாள்.

ஃபாஹிம் வாங்கினான். பேனை அவன் விரல்களிலிருந்து மூன்று தடவை விழுந்தது. பத்தாம் வகுப்புப் படித்த மனுசன், தன் பெயரின் முதல் எழுத்தைக்கூடப் போட முடியவில்லை.

சுல்பா மை டப்பாவைத் திறந்து வைத்தாள்.

“அப்ப பெருவிரல வை. நான் வாசிக்கத் தெரியாம வெச்சன். நீ அப்பிடி வெக்க வாணாம். நான் வாசிக்கிறன், கேட்டுட்டு வை.”

அவள் வாசித்தாள். கடைசிச் சொல்வரை. அபூசாலி கள்ளனல்ல என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். பெண்கள் எழும்பி நின்று கேட்டார்கள். முபாரிஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். ஃபாஹிமின் பெருவிரல், சுல்பாவின் பழைய ரேகைக்கு நேர் பின்னால், நீலமாகப் பதிந்தது.

பொலிஸ் ஜீப் பாலாவியைத் தாண்டி வர அரை மணித்தியாலம் ஆகுமாம். ஓலைக் கொட்டில் இல்லை. மரமில்லை. சுவருக்கு நிழலில்லை. ஃபாஹிம் தலையில் கையை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தான்.

யூஜீனியா அவனுடைய குடையை விரித்தாள். விரித்து, சுல்பாவின் தலைக்கு மேல் பிடித்தாள். பிறகு, திறந்து கிடந்த கொண்டெய்னர் கதவைக் காட்டினாள்.

“நிழல் வேணுமெண்டா உள்ளுக்குப் போய் இருங்க, சுப்பவைசர். கூதல் இன்னும் போகல்ல. கதவைச் சாத்த மாட்டம்.”

பத்து அடிதான் தூரம். ஃபாஹிம் அந்த இருட்டு வாசலைப் பார்த்தான். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தான். இன்னொரு காலையும் எடுத்து வைத்தான்.

ஜீப் வந்து சேரும்வரை அவன் வெள்ளை உப்புக்கு நடுவில், வெறுந்தலையோடு, உச்சி வெயிலில்தான் நின்றான். சுல்பா குடையின் கீழிருந்து கண்ணெடுக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.